பேரு கெட்டுப்போகாம பாத்துக்கோங்க!

ஒரு கிரீம் பன் தேசிய அரசியல் விவகாரமாக மாறுவதற்கு இரண்டே நாள்தான் பிடித்தது. 2024 செப்டம்பர் 11, கோவை கொடிசியா அரங்கம். மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனோடு தொழில்துறையினர் சந்திப்பு. ஓட்டல்காரர்கள் சார்பில் எழுந்தவர் ஸ்ரீ அன்னபூர்ணா நிர்வாக இயக்குநர் சீனிவாசன். கையில் கோரிக்கைக் காகிதம் இருந்தாலும் பேசியதென்னவோ கல்லாவில் உட்கார்ந்து பேசும் பேச்சுத்தான். இனிப்புக்கு ஒரு ஜி.எஸ்.டி., காரத்துக்கு ஒரு ஜி.எஸ்.டி. என்று பில் போடும் கம்ப்யூட்டரே திணறுகிறது என்றார். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்துவிட்டால் 18 சதவீதம் என்றார். வாடிக்கையாளர்களோ, பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொண்டுவந்து வையுங்கள், நாங்களே தடவிக்கொள்கிறோம் என்கிறார்களாம். அரங்கம் சிரித்தது. கோவை தெற்கு எம்.எல்.ஏ. வானதி சீனிவாசன் தங்கள் கடையின் வாடிக்கையாளர் என்பதையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துக்கொண்டார்.

அன்று இரவே அந்தத் துண்டு வீடியோ தமிழ்நாட்டுக் கைபேசிகளில் எல்லாம் ஓடிவிட்டது. மறுநாள் வேறொரு வீடியோ வந்தது. மூடிய அறைக்குள் அதே சீனிவாசன் அமைச்சர் முன்னால் கைகூப்பி வருத்தம் தெரிவிக்கும் காட்சி. அதைப் பார்த்ததும் ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் கண்டித்தார்கள். அவர் தாமாக வந்துதான் சந்தித்தார் என்று பா.ஜ.க. தரப்பு சொன்னது. செப்டம்பர் 13 அன்று, வெளிநாட்டில் இருந்த அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை, தனிப்பட்ட சந்திப்பின் வீடியோவைத் தன் கட்சிக்காரர்கள் வெளியிட்டதற்காக மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அன்னபூர்ணா ஓர் அறிக்கை விட்டது: தவறான புரிதல் வேண்டாம் என்று தாமே போய்ச் சந்தித்ததாகவும், இந்த விவகாரத்தை இதோடு முடித்துக்கொள்ள விரும்புவதாகவும்.

மக்கள் தொடர்புத் துறைக்கு வரும் மாணவனுக்கு நான் பாடம் எடுப்பதாக இருந்தால் அந்த ஒரு வாரத்தைத்தான் எடுப்பேன். முதல் வீடியோவை எந்த ஏஜென்சியும் எழுதித் தரவில்லை. பேசியவருக்கு விஷயம் தெரியும், பேச்சில் ஊர் இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது வீடியோவை யாரோ ஒருவர், ‘நம்ம பக்கம் ஜெயிச்சிருச்சு’ என்ற நினைப்பில் வெளியே விட்டிருக்கிறார். அதில் அடிபட்டது யார்? 1968-லிருந்து கோவைக்காரர்களின் நாக்கில் சாம்பார் ருசியாக உட்கார்ந்திருக்கும் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடியோவை வெளியிட்ட தரப்புதான் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. எடுக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் வெளியே வரும் காட்சி, எடுத்தவனையே திருப்பிக் கடிக்கும். மூன்றாவதாக வந்த அந்த அறிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். ஊரே தன் பக்கம் நிற்கும்போது இன்னும் நாலு நாள் பேட்டி கொடுத்துக் குளிர்காய்வது எளிது. ‘போதுமுங்க’ என்று நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி அடுக்குகளைக் குறைத்தது. கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் போன்ற பேக்கரிப் பண்டங்கள் செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. அந்தச் சிரிப்பால்தான் இது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வரி அடுக்கு என்ற வறண்ட சங்கதியை டீக்கடை பெஞ்சு வரை கொண்டுவந்து உட்கார வைத்தது அந்த பன்தான்.

இரண்டு கியூ.ஆர். அட்டைகள்

கொடிசியாவிலிருந்து நகரத்தின் தென்கோடிக்கு வருவோம். போத்தனூர் ஸ்டேஷனில் இறங்கிச் செட்டிப்பாளையம் சாலைப் பக்கமோ நஞ்சுண்டாபுரம் பக்கமோ நடந்தால் நாலு எட்டுக்கு ஒரு பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், தேன் கேக், முட்டை பப்ஸ். வெளியே இரும்பு ஸ்டூலில் டீ கிளாஸோடு ரயில்வே ஊழியர்கள், ஷிப்ட் முடிந்து வரும் சிட்கோ தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள். கல்லாவில் முன்பெல்லாம் ஒரு கியூ.ஆர். அட்டை இருக்கும், பணம் அனுப்ப. இப்போது பக்கத்திலேயே இன்னொன்று, இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடர.

கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விதமான குரல் கேட்கும். “ரீல்ஸ் போட்டாத்தானுங்க புதுசா ஆளு வருது” என்பது ஒன்று. “ரீல்ஸ் பாத்துட்டு வர்றவன் ஒருக்கா வருவானுங்க, பக்கத்து வீதிக்காரன் நாளைக்கும் வருவான்” என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றைக்கு ஒவ்வொரு சிறு வியாபாரியும் மாட்டிக்கொண்டு நிற்கிறார். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாள்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. அதுவரை டிக்டாக்கில் லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் பூஜ்யத்துக்கு வந்தார்கள். சொந்தக் கடைக்கு வாடகை இடத்தில் மட்டும் பெயர்ப்பலகை வைத்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கே பார்த்தோம். அதனால் வாடிக்கையாளர் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் பழைய ஜவுளிக்கடை முதலாளியை யாரும் பழைய பஞ்சாங்கம் என்று நினைக்க வேண்டாம். எந்தச் செயலி மூடினாலும் அந்த நோட்டு மூடாது.

புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நம் ஊர்க் கடைகள் கவனிப்பதே இல்லை. முதலாவது, சட்டம். உணவுப் பக்கம் நடத்தும் தம்பிகளை அழைத்து, பணமோ பண்டமோ கொடுத்து வீடியோ எடுக்க வைத்தால், அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் இதற்கான நெறிமுறையை 2021-லேயே கொண்டுவந்துவிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தங்கும் வசதி, தள்ளுபடி, சொந்தபந்தம் என எந்தத் தொடர்பு இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பார்ப்பவருக்குப் புரியும் மொழியில், கண்ணில் படும் இடத்தில் சொல்ல வேண்டும். இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ‘கோயமுத்தூர்லயே பெஸ்ட்’ என்று வாய் நிறைய பரோட்டாவோடு சொல்லும் தம்பிகளில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

அடுத்தது பாட்டு. கடை திறப்பு விழா வீடியோவுக்குப் பின்னால் ஒரு சூப்பர் ஹிட் பாட்டைப் போட்டுவிடுகிறோம். தனி மனிதர் குடும்பப் படத்துக்குப் போடுவது வேறு, வியாபாரத்துக்குப் போடுவது வேறு. வியாபாரத்துக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கே ‘குணா’ படப் பாட்டுக்காக 2024 மே மாதத்தில் இளையராஜாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. செட்டிப்பாளையம் ரோட்டு மொபைல் கடைக்கு வராது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீளமாகப் பேச எனக்கு இப்போதைக்கு விருப்பமில்லை. 2024 ஜனவரியில் சேலம் தி.மு.க. இளைஞரணி மாநாட்டில் மறைந்த கருணாநிதியின் உருவமும் குரலும் திரையில் பேசியதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். கட்சி சொல்லிவிட்டுச் செய்தது. சொல்லாமல் செய்கிறவர்களைப் பற்றித்தான் கவலை. வாடிக்கையாளர் ஒருவர் பாராட்டுவது போலக் கணினியிலேயே முகம் செய்து, குரல் செய்து போடும் பழக்கம் தொடங்கிவிட்டது. பொய்ச்சாட்சி எந்தத் தொழில்நுட்பத்தில் சொன்னாலும் பொய்ச்சாட்சிதான்.

இதையெல்லாம்விட அன்றாடம் கைக்கு வருவது கூகுள் ரிவ்யூ. ‘பப்ஸ் ஆறிப்போயிருந்தது, கேட்டால் எரிந்து விழுந்தார்கள்’ என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போடுகிறார். முதலாளி கோபத்தில், ‘நீங்கள் போட்டிக் கடையின் ஆள், எங்களிடம் சிசிடிவி இருக்கிறது’ என்று பதில் எழுதுகிறார். அதைப் படிக்கும் நூறு பேருக்கும் பப்ஸ் மறந்துவிடும், அந்தக் கோபம் மட்டும் மனதில் நிற்கும். ‘நேற்று மாலை ஓவன் பழுது. ஆறியதைக் கொடுத்தது எங்கள் தப்பு. கல்லாவில் பேசியதற்கும் மன்னிக்கணும். அடுத்த முறை வரும்போது என்னைக் கேளுங்கள்’ என்று எழுதியிருந்தால்? கொங்குப் பக்கம் கடைக்காரருக்கு இந்தப் பேச்சு வராதா? கடை வாசலில் நேருக்கு நேர் நின்றால் ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று தானாக வரும். கீபோர்டைத் தொட்டதும் எங்கிருந்தோ ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்துகொள்கிறார். வீதியில் இருக்கும் மரியாதையைத் திரைக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் ‘பிராண்ட் வாய்ஸ்’ என்று சொல்லிப் பில் போடுவதில் பாதி இதுதான்.

குறிப்பெடுத்து வைத்த மனிதர்

தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது சினிமா. அந்த வரிசையில் முதல் ஆள் என்று சொல்லப்படுகிறவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். படம், 1958-இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’. கையில் கேமரா வைத்திருந்த புகைப்படக்காரர் அவர். படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தொடங்கியது அவருடைய மக்கள் தொடர்பு வாழ்க்கை. ஆனால் அவரை இன்றைக்கும் நினைப்பது அதற்காக அல்ல. எந்தப் படம் எந்த வருடம், யார் இசை, யார் ஒளிப்பதிவு என்று ஒன்று விடாமல் குறித்து வைத்தார். தமிழ்த் திரையுலகின் நடமாடும் தகவல் களஞ்சியம் ஆனார். 2016-இல் அவர் மறைந்தபோது பத்திரிகையாளர்கள் இழந்தது சந்தேகம் வந்தால் போன் போடும் ஒரு எண்ணை.

இன்றைய மக்கள் தொடர்புக்காரர்களிடம் நான் அதிகம் தேடுவதும் கிடைக்காததும் இதுதான். ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டால் பத்துப் பக்கத்துக்குப் பளபளப்பான அறிக்கை வருகிறது. எந்த வருடம் தொடங்கினீர்கள், முதல் எந்திரம் எது, இப்போது எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் பதில் வர மூன்று நாள் ஆகிறது. கோவைக்குச் சொல்வதற்குக் கதையா இல்லை? கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே ஊழியராக இருந்தபோது 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி, டென்ட் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டிவிட்டு, 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். தெருவே அந்தப் பெயரில் இருக்கிறது. பம்பு செட், கிரைண்டர், வார்ப்படம் என்று ஒவ்வொரு பட்டறைக்குள்ளும் இதே மாதிரி ஒரு மனிதர் இருக்கிறார். அந்தக் கதையை எழுதி வைக்காமல், ‘இந்த வாரம் எந்த ஆடியோ டிரெண்டிங்’ என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

ட்ரெண்டைத் தேடாத ஒருவரை ட்ரெண்ட் தேடிவந்த கதையும் நம்மிடம் உண்டு. ஆலாந்துறைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பில் இட்லி சுட்டு, ஒரு ரூபாய்க்கு விற்றுவந்தவர் கமலாத்தாள் பாட்டி. 2019-இல் அவருடைய வீடியோ பரவியது. அந்த செப்டம்பரில் மஹிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மஹிந்திரா அதை ட்விட்டரில் பகிர்ந்து, பாட்டிக்கு கேஸ் அடுப்பு வாங்கித் தரத் தயார் என்றார். கோவை பாரத் கேஸ் நிறுவனம் முந்திக்கொண்டு இணைப்புக் கொடுத்தது. 2022 மே மாதம் அன்னையர் தினத்தன்று மஹிந்திரா தரப்பில் கட்டிய புது வீடு பாட்டி கைக்கு வந்தது. இத்தனைக்கும் நடுவில் கொரோனா ஊரடங்கு வந்தது. பருப்பு விலை ஏறியது. இட்லி ஒரு ரூபாயிலேயே நின்றது.

இதில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது என்பது உண்மை. அதில் எனக்குக் குறையில்லை. 2019-இல் ஒரு ட்வீட்டோடு நிறுத்தியிருந்தால் அது விளம்பரம். மூன்று வருடம் கழித்துச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதனால்தான் இன்றைக்கும் எழுத முடிகிறது. உதவி செய்துவிட்டு ஏழையின் முகத்தை நெருக்கமாகக் காட்டி, பின்னணியில் சோக வயலின் போடும் வீடியோக்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. வாங்குகிறவரிடம் ‘படம் எடுத்துக்கட்டுங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியில் பேசிய கலெக்டர் ஆபீஸ்

நல்ல பெயருக்கு வந்த சோதனைகளிலேயே பெரியது 2023 மார்ச் மாதம் கொங்குப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. பீகார் சட்டமன்றத்திலேயே பிரச்சினை எழுந்தது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் வந்து விளக்கினார்: பரவும் வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்புக்குள் நடந்த மோதல். இரண்டுமே பொய்யாகத் திரித்து அனுப்பப்பட்டவை.

ஆனால் பயம் அதற்குள் தொழிற்பேட்டைகளுக்குள் வந்துவிட்டது. போத்தனூரை ஒட்டிய குறிச்சி சிட்கோவில், வார்ப்படப் பட்டறைகளில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வடமாநிலத் தொழிலாளர் இல்லாமல் எந்திரம் ஓடாது. அவர்களுடைய போனில் ஊரிலிருந்து அம்மா அழுகிறார். ஹோலிப் பண்டிகை மார்ச் 8. வருடா வருடம் ஊருக்குப் போகும் கூட்டம்தான், அந்த வருடமும் ரயிலுக்கு நின்றது. அந்தப் பிளாட்பாரக் கூட்டத்தையே படம் எடுத்து, ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்று போட்டார்கள். 1862-இல் ரயில் வந்த காலத்திலிருந்து ஊருக்குப் போகிறவர்களையும் ஊரிலிருந்து வருகிறவர்களையும் பார்த்தே பழகிய போத்தனூருக்கு, அந்தக் கூட்டம் எதற்கு நிற்கிறது என்று தெரியும். பாட்னாவில் இருக்கும் தாய்க்குத் தெரியாது.

அந்த வாரம் அரசு இயந்திரம் செய்த நல்ல காரியம், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்கள் மொழியில் சொன்னது. திருப்பூரில் இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவி எண் திறந்தார்கள். போலீஸ் அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகப் போய் இந்தியில் பேசினார்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகள் இந்தியிலும் வந்தன. பீகார் அரசின் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. மொழி அரசியலில் நம் நிலைப்பாடு எதுவாகவும் இருக்கட்டும். பயந்து நிற்கிறவனிடம் அவனுக்குப் புரியும் மொழியில் பேசுவது மனிதத்தன்மை. மக்கள் தொடர்பின் முதல் விதியும் அதுவே.

இன்னொரு விஷயம் நம் கையிலேயே இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். வதந்தியால் நடந்த அடித்துக் கொலைகளுக்குப் பிறகு 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில் அந்த இரட்டை அம்புச் செய்திகளை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். பூட்டுப் போட்டவனே எச்சரிக்கை எழுதி ஒட்டியிருக்கிறான். படித்துவிட்டுத்தான் அனுப்பினோமா என்பதே கேள்வி. தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் தொழிலாளர் வாட்ஸ்ஆப் குழுவில் சம்பள நாளுக்கு மட்டும் வாய் திறந்தால், ஆபத்து வரும் நாளில் அவர்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

வெள்ளலூர்ப் புகை

போத்தனூர்க்காரர்களுக்கு மக்கள் தொடர்பு என்பது கடைசியில் ஒரு நாற்றத்தில் வந்து நிற்கிறது. பக்கத்திலேயே வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு. 650 ஏக்கர் அளவுக்கு இடம். கோவை மாநகரத்தின் குப்பை இங்கேதான் வந்து சேர்கிறது. பொழுது சாய்ந்து காற்றுத் திரும்பினால் கோணவாய்க்கால்பாளையத்திலிருந்து போத்தனூர் வரை ஜன்னலைச் சாத்துகிறார்கள். துணி காயப்போட்டவர்கள் எடுத்து உள்ளே வைக்கிறார்கள். பல வருடமாக மனுக் கொடுத்து, மறியல் செய்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் இந்தப் பகுதி மக்கள்.

2024 ஏப்ரலில் கிடங்கில் தீப்பிடித்தது. அணைக்கப் பத்து நாளுக்கும் மேல் ஆனது. வெயில் காலம், வீட்டுக்குள் புகை, குழந்தைகளுக்கு இருமல். சமூக ஊடகத்தில் அந்தப் புகைக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். ஊர் முழுக்கப் பேசியது அதன்பிறகு வந்த பில்லைப் பற்றி. தீயணைக்க ஆன செலவென்று மாநகராட்சி மன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு 76 லட்சம் ரூபாய்க்கும் மேல். அதில் சாப்பாடு, டீ வகைக்கு மட்டும் 27 லட்சத்துக்கும் மேல். அவ்வளவுதான், மீம்ஸ் போடுகிறவர்களுக்குப் பண்டிகை. ‘டீ குடிச்சே தீயை அணைச்சாங்களா’ என்ற கேள்வி மாநிலம் முழுக்கச் சுற்றியது. பல துறை ஊழியர்கள் இரவும் பகலும் வேலை பார்த்தார்கள் என்ற விளக்கம் பின்னாலேயே வந்தது. யார் காதிலும் ஏறவில்லை.

அந்தக் கணக்கு சரியா தப்பா என்று தணிக்கை செய்யும் வேலை என்னுடையதல்ல. நான் நினைப்பது அந்தத் தீயின் முன்னால் நின்ற தூய்மைப் பணியாளரையும் தீயணைப்பு வீரரையும். சித்திரை வெயிலில், மீத்தேன் புகையில், தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்று பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். கடைசியில் கேலிக்கு ஆளானது அவர்கள் குடித்த டீ. முதல் நாள் மாலையிலிருந்து, ‘இன்று களத்தில் இத்தனை பேர், இத்தனை லாரி தண்ணீர், இத்தனை சாப்பாடு, தீ இந்த இடம் வரை அடங்கியிருக்கிறது, நாளைக்குப் பள்ளிக் குழந்தைகளுக்கு முகக்கவசம் இங்கே கிடைக்கும்’ என்று தினம் பத்து வரி மாநகராட்சிப் பக்கத்தில் வந்திருந்தால், சில மாதம் கழித்து வந்த கணக்கு யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்காது. அது தப்பான கணக்காக இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். மக்களுக்கு இரண்டுமே லாபம்.

மாநகராட்சி சமூக ஊடகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. உக்கடம் குளக்கரை அழகு, குறிச்சிக் குளத்தில் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலை என்று அருமையான படங்கள் ஓடுகின்றன. அந்தச் சிலை முன்னால் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் போத்தனூர்க் குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். அந்தப் பெருமை நியாயமானதுதான். அதே குடும்பம் வீடு திரும்பி ஜன்னலைச் சாத்தும்போது, அதைப் பற்றியும் அதே பக்கத்தில் ஒரு வரி இருக்க வேண்டும் என்கிறேன்.

வெள்ளலூர் பகுதியில் கேட்பது பெரிய காரியம் இல்லை. கிடங்கு வாசலில் ஒரு கரும்பலகை, வார்டு வாட்ஸ்ஆப் குழுவில் அதன் படம், தினமும் மாலை ஆறு மணிக்கு. இன்று உள்ளே வந்த குப்பை எத்தனை டன், பயோமைனிங்கில் பிரித்து அகற்றிய பழைய குப்பை எத்தனை டன், தீ கண்காணிப்புக்கு நிற்கும் தண்ணீர் லாரிகள் எத்தனை, இரவில் புகை வந்தால் எடுத்துப் பேசும் ஆளின் எண் எது. தமிழில், படிக்கும்படி. இதற்கு ஏஜென்சி, டெண்டர் எதுவும் தேவைப்படாது. உள்ளதை உள்ளபடி எழுத மேலிடத்து அனுமதி பெற்ற ஓர் ஊழியர் போதும். முதல் வாரம் கமென்ட்டில் வசவுதான் வரும். எட்டாவது நாளும் போட வேண்டும்.